பெயரில்லாத கடைசி வரி

என் கையெழுத்தை நானே வெறுத்த நாள் ஒன்று உண்டு.

அந்த எஸ்.ஐ.யின் மேசையில், கண்ணாடிப் பேப்பர்வெயிட்டுக்குக் கீழே, என் பட்டியல் கிடந்தது. நான்காக மடித்த கோடுகள் அதில் தெளிவாகத் தெரிந்தன. மின்விசிறிக் காற்றுக்கு ஒரு மூலை மட்டும் எழும்பி எழும்பிப் படுத்தது. சுவரோரத்து நீள மர வாங்கில் என் தம்பி சீலன் உட்கார்ந்திருந்தான். காலில் செருப்பு இல்லை. பெல்ட்டையும் கழற்றிவிட்டிருந்தார்கள். ஒரு கையால் களிசானை இடுப்போடு பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரியாத இரண்டு இளைஞர்கள், அதே மாதிரி வெறுங்காலோடு.

"ஐந்து மணிக்கு ஜீப் வரும், மிஸ்," என்றார் எஸ்.ஐ. சிங்களத்தில். "அதற்குள் இந்தக் கடதாசி என்னவென்று எனக்கு விளங்கவேண்டும். விளங்காவிட்டால் உங்கள் தம்பி அந்த ஜீப்பில் போவார். அதற்குப் பிறகு என்னிடம் வந்து பிரயோசனமில்லை."

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். என் அலுவலகத்துப் பெரிய துரை காலையில் வந்து கோட்டைக் கழற்றும்போதே கத்தத் தொடங்குகிற மனிதர். இவரோ, தபாற்கந்தோரில் முத்திரை விற்கிறவர் மாதிரி அமைதியாகக் கதைத்தார். அதைச் சமாளிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதப்போவதில்லை. எந்த வருடம் என்று கேட்டாலும் திட்டமாகச் சொல்ல வராது. கொழும்பில் தமிழர்கள் சட்டைப் பையில் அடையாள அட்டையையும், அதற்குப் பின்னால் பொலிஸ் பதிவுத் துண்டையும் வைத்துக்கொண்டு திரிந்த காலம் என்றால் போதும். அன்றைக்குச் சீலனின் பையில் அந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அதை அவனிடம் கொடுத்து அனுப்பியவள் நான்.

சங்கிலி

சபைப் பக்கமே போகாதவர்கள் இந்தத் தொடரை வாசிப்பதாகப் போன வாரம்கூட ஒருவர் சொன்னார். அவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன்.

எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் என்று ஒன்று நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் காலை ஐந்து மணிக்கு ஒருவர் தன் வீட்டில் முழங்காற்படியிடுவார். ஆறு மணிக்கு அவர் எழும்பும்போது இன்னொருவர் தன் வீட்டில் தொடங்குவார். அப்படியே மாலை ஆறு மணிவரை பதின்மூன்று பேர், ஆளுக்கு ஒரு மணித்தியாலம். கொழும்பின் தெற்கே வெள்ளவத்தையில் ஆறு பேர், வடக்கே கொட்டாஞ்சேனையில் ஏழு பேர். ஒரே இடத்தில் இருபது தமிழர் கூடிப் பாடினால் பொலிஸ் வந்து நிற்கிற நாட்கள் அவை. அதனால் அவரவர் வீட்டில், வாய்க்குள் ஜெபித்துக்கொண்டோம்.

யார் எந்த நேரம், யாருக்காக ஜெபிப்பது என்று ஒவ்வொரு கிழமையும், வாராவாரம், ஒரு பட்டியல் வேண்டும். எனக்குக் கையெழுத்து நல்லது. கொழும்பு கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் நான் ஸ்டெனோ. ஆகவே பட்டியல் என் தலையில் விழுந்தது.

இடது பக்கம் நேரம் எழுதுவேன். அதற்கடுத்து ஜெபிக்கிறவரின் முதலெழுத்து. அதற்கடுத்து யாருக்காக, அவர் எந்த ஊர். இதெல்லாம் தமிழில். கடைசியாக, அவருக்கு என்ன கஷ்டம் என்பதை மட்டும் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொள்வேன். குடிக்கிற புருஷன், மூன்று தரம் தட்டிப்போன சம்பந்தம், ஏழு மாதமாகக் கடிதம் போடாத மகன். இவற்றையெல்லாம் என் காதோடு சொன்னவர்கள் பாவம். பட்டியல் பத்துக் கை மாறும். ஒருவர் வீட்டுக் கண்ணீரை மற்றவர் வீட்டுப் பிள்ளைகள் வாசிக்கக்கூடாது என்பதற்காக நான் செய்த கெட்டித்தனம் அது.

இப்போது அந்தக் கடதாசியை ஒரு பொலிஸ்காரரின் கண்ணால் பாருங்கள். மணிக்கணக்கு. ஒற்றை எழுத்துப் பெயர்கள். வவுனியா, கிளிநொச்சி, மன்னார் என்று ஊர்கள். பக்கத்தில் யாருக்கும் விளங்காத வளைவும் நெளிவும் புள்ளியும். ஏதோ ஆயுத இயக்கத்தின் காவல் முறைப் பட்டியல் என்று எந்தச் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

பட்டியலின் அடியில் ஒரு வரி இருந்தது. அதற்கு நேரமும் இல்லை, பெயரும் இல்லை, ஊரும் இல்லை. வெறும் சுருக்கெழுத்து மட்டும்தான். அந்த வரியின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

காற்று வந்த குழாய்

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் எனக்கு ஜெபக்காரி என்று பட்டப்பெயர். சோதனைக்குப் போகுமுன் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். கணக்கில் நான் முப்பத்தைந்து எடுத்த தவணையிலும் அந்த வரிசை குறையவில்லை. எழுப்புதல் கூட்டங்களில் நான் அழுகிற அழுகைக்கு அம்மா கைக்குட்டை தந்தனுப்பிக் களைத்து, கடைசியில் ஒரு சின்னத் துவாயே தந்தனுப்பினா.

அப்படிப்பட்டவளுக்குக் கொழும்பில், முப்பத்திரண்டாவது வயதில், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஜெபம் நின்றுபோயிற்று.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சொல்லிவிடலாம். யாரும் சாகவில்லை, கடவுளோடு எனக்குக் கோபமும் இல்லை. நம்பிக்கை போய்விட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. ஆள் இருக்கிறார் என்று தெரிகிறது, கதைக்க வாய் வரவில்லை. எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில் பகல் பதினொரு மணிக்குக் குழாயைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று மட்டும் வரும். வாளியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்போம், பிறகு மூடிவிட்டுப் போவோம். காலை ஐந்து மணிக்கு முழங்காலில் நின்ற என் நிலைமையும் அதுதான். முதல் இரண்டு மாதம் நின்று பார்த்தேன். பிறகு அந்த ஒரு மணித்தியாலத்தில் சாறி அயர்ன் பண்ணத் தொடங்கினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒன்று, பயம் ஒன்று. சொன்னால் கண்ணை மூடித் தலையில் கை வைத்து, என்ன பாவம் செய்தாய் என்று தேடத் தொடங்குவார்கள். நானே பிறருக்கு அப்படிச் செய்தவள்தானே.

ஆனால் பட்டியலை மட்டும் ஒரு கிழமை தவறாமல் எழுதினேன். எழுத எழுத நெஞ்சு குறுகுறுத்தது. ஐந்து மணிக்கு நேரே 'ரூ' என்று என் முதலெழுத்தை எழுதும்போது கை பொய் சொல்வது எனக்குத் தெரிந்தது. ஒரு நாள், எழுதி முடித்து மடிக்கப்போன நேரம், அடியில் சுருக்கெழுத்தில் ஒரு வரி சேர்த்தேன். அடுத்த கிழமையும் சேர்த்தேன். அது பழக்கமாயிற்று. யாருக்கும் விளங்காது என்ற துணிச்சல். கடவுள் சுருக்கெழுத்துப் படித்திருப்பார் என்று நினைத்தேனோ என்னவோ.

மாக்கிரட் கேட்ட கேள்வி

கொட்டாஞ்சேனை ஏழு பேருக்கும் பட்டியலைப் பார்த்தெழுதிக் கொடுப்பது மாக்கிரட்டின் வேலை. மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு தையல் கடையில் வேலை செய்தவள். என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவளைப் பிடிக்காது. அவள் ஜெபிக்கத் தொடங்கினால், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர்கள் எழும்பிப் போய்விடுவது நல்லது. ஊரில் உள்ள நோயாளிகள் எல்லாரையும் பெயர் சொல்லி, அவர்களின் மருந்துகளையும் சொல்லித்தான் முடிப்பாள்.

ஒரு வியாழக்கிழமை பட்டியலைக் கொடுத்தபோது, கடைசி வரியில் விரலை வைத்துக் கேட்டாள்.

"ரூபி அக்கா, இந்தக் கோடு யாருக்கு?"

"அது ஒண்டுமில்லை. என்ர குறிப்பு."

"அப்ப நான் எழுத வேணாமா?"

"உம்மட இஷ்டம்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சீலன் அப்போது கொழும்பில் கொம்பியூட்டர் கோர்ஸ் ஒன்று படித்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை அவனுக்கு மத்தியானம் வகுப்பில்லை. பட்டியலைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை அவன் தலையில் கட்டினேன். யாழ்ப்பாண அடையாள அட்டையோடு இருக்கிற இருபத்திரண்டு வயதுத் தம்பியை, இரண்டு பஸ் மாறி, நாலு சோதனைச்சாவடி தாண்டி அனுப்பினேன். ஒருத்தியின் கேள்விக்குப் பதில் சொல்லப் பயந்து செய்த வேலை இது. இன்றைக்கு எழுதும்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அன்றைக்குக் காலையிலும் வழக்கம்போலச் சொன்னேன்.

"கவனமாப் போய்ட்டு வா. நான் உனக்காக ஜெபிச்சுக்கொண்டிருப்பன்."

"ஓம் அக்கா," என்றான், செருப்புக்குள் காலை நுழைத்தபடி.

இரண்டு மணிக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. மாக்கிரட், கொட்டாஞ்சேனையில் ஒரு கொம்யூனிகேஷன் கடையிலிருந்து.

"அக்கா, பதறாதீங்க. தம்பிய பஸ்ஸுலருந்து எறக்கிட்டாங்க. நான் பஸ் ஹோல்ட்டுல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பையில இருந்து லிஸ்ட்ட எடுத்தாங்க, ரெண்டு பேரு அத வச்சு என்னமோ பேசினாங்க, அப்புறம் ட்ரக்குல ஏத்திட்டாங்க. நீங்க ஒடனே வாங்க. நான் ஸ்டேசனுக்குப் போறேன்."

"நீர் போகாதேயும், உம்மையும்..." என்று நான் தொடங்குமுன் லைன் போய்விட்டது.

இவன் யார்?

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அங்கே கதவோரம் நின்றாள். தையல் கடை அளவு நாடா கழுத்திலேயே இருந்தது. கக்கத்தில் வேதப்புத்தகம். கதவடியில் நின்ற கான்ஸ்டபிள் அவளை இரண்டு தரம் துரத்தியும் போகவில்லையாம். நான் உள்ளே போனபோது அவளும் என் பின்னாலேயே நுழைந்துவிட்டாள்.

எஸ்.ஐ.க்கு நான் விளக்கினேன். என் சிங்களம் அலுவலகச் சிங்களம். கப்பல் எப்போது வரும், பெட்டி எப்போது இறங்கும் என்பதையெல்லாம் வடிவாகச் சொல்லும். சங்கிலி ஜெபத்தைச் சொல்ல அது போதவில்லை. இருந்தாலும் சொன்னேன். அவர் பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். தமிழ் வாசிக்கத் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் ஏற்கனவே பெயர்களை வாசித்துக் கொடுத்திருந்தார்.

"இது?"

"அந்த அம்மாவின் மகன் வவுனியாவுக்குப் போகிற வழியில் காணாமற்போய்விட்டார். அவர் கிடைக்க வேண்டுமென்று."

"இது?"

"இவருக்குச் சிறுநீரக வருத்தம்."

"இந்தக் கிறுக்கல்கள்?"

"சுருக்கெழுத்து. நான் ஸ்டெனோ."

அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. பேனா மெதுவாகக் கீழே இறங்கியது. கடைசி வரியில் வந்து நின்றது.

"எல்லாருக்கும் நேரம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. இதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. இவன் யார், மிஸ்?"

நான் சீலனைத் திரும்பிப் பார்த்தேன்.

அவ்வளவு நேரமும் டக் டக்கென்று பதில் சொன்னவள் இந்த ஒரு வரிக்கு மட்டும் தடுமாறினேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். கதிரையில் கொஞ்சம் முன்னுக்கு வந்தார். எனக்குப் பின்னால் மாக்கிரட் நின்றாள், வாங்கில் சீலன் இருந்தான். அந்த இரண்டு பேருக்கு முன்னால் அதை எப்படி வாயால் சொல்வது? ஒரு சின்னப் பொய்யில் யாருக்கு என்ன நட்டம் என்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

"ஒரு பிள்ளை," என்றேன். "சோதனை எழுதுகிறாள். பாஸ் பண்ண வேண்டுமென்று."

"பெயர்?"

"வசந்தி."

"ஏன் பெயர் எழுதவில்லை?"

"மறந்துவிட்டேன்."

அப்போதுதான் மாக்கிரட், எனக்கு உதவி செய்கிறேன் என்று, முன்னால் வந்தாள். வீட்டில் சிங்களம் பேசுகிறவள் மாதிரி சரளமாகப் பேசுவாள்.

"சேர், இது களவு வேலையில்லை. பாருங்கள், ஒவ்வொரு கிழமைப் பட்டியலும் என்னிடம் இருக்கிறது."

வேதப்புத்தகத்தைத் திறந்து ஒரு கட்டுக் கடதாசியை மேசையில் வைத்தாள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வியாழக்கிழமைகள். என் பட்டியலைப் பார்த்து அவள் எழுதிய பிரதிகள். அவளுக்கு ஆங்கிலமே தெரியாது, சுருக்கெழுத்து எங்கே தெரியப்போகிறது. மற்ற வரிகளில் என் குறிப்புகளை விட்டுவிட்டு எழுதியிருந்தாள். ஆனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் என்னுடைய அந்தக் கடைசி வரியை, ஒரு வளைவு பிசகாமல், கோலம் பார்த்துப் போடுகிறவள் மாதிரி வரைந்து வைத்திருந்தாள்.

எஸ்.ஐ. ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"வசந்தி ஒரு வருடமாகவா சோதனை எழுதுகிறாள்?" என்று கேட்டார்.

வாங்கில் சீலன் என்னைப் பார்த்தான். அவனுக்குச் சிங்களம் அவ்வளவாக விளங்காது. என் முகம் விளங்கியிருக்கும். கடிகாரத்தில் நாலு இருபது.

அடுத்த அறை

பக்கத்து அறையில் வெகு நேரமாகத் தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எஸ்.ஐ. கான்ஸ்டபிளை அனுப்பினார். சத்தம் நின்றது. கண்ணாடி போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களப் பெண் வந்தாள். அவளுடைய விரல் நுனியில் காபன் தாளின் நீலம். அதைப் பார்த்ததும் இவளும் ஸ்டெனோ என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் விரலும் அப்படித்தான் இருக்கும்.

"இதை வாசிக்க முடியுமா பாருங்கள்," என்று எஸ்.ஐ. கடைசி வரியைக் காட்டினார். "சோதனை எழுதும் ஒரு பிள்ளையைப் பற்றியதா?"

சுருக்கெழுத்து படித்தவர்களுக்குத் தெரியும், ஒலியை அப்படியே எழுதுவது அது. ஒழுங்காக எழுதினால் இன்னொரு ஸ்டெனோ வாசித்துவிடலாம். நான் ஒழுங்காக எழுதுகிறவள். அந்த நேரம் அதற்காகவும் என்னைத் திட்டிக்கொண்டேன்.

அவள் கடதாசியை எடுத்துச் சன்னல் பக்கம் கொண்டுபோனாள். உதடு அசைந்தது. ஒரு தரம் வாசித்தாள், மீண்டும் ஒரு தரம். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை.

"சேர், இதில் சோதனை இல்லை," என்றாள்.

"வேறு என்ன?"

"இவர் சொல்லட்டும். சரியா பிழையா என்று நான் சொல்கிறேன்."

எஸ்.ஐ. என்னிடம் திரும்பினார். "பொய் சொல்லிவிட்டீர்கள், மிஸ். இன்னொன்று சொன்னால் நான் உங்களையும் வாங்கில் இருத்த வேண்டிவரும்."

என் தம்பியை நானே ஜீப்பில் ஏற்றப்போகிறேன் என்ற பயம் மட்டுந்தான் எனக்குள் இருந்தது. வெட்கம் அதற்குள் எங்கோ அமுங்கிப்போயிருந்தது. அலுவலகச் சிங்களத்தில், வசனம் வசனமாகச் சொன்னேன்.

"இந்தப் பட்டியலை எழுதுகிறவளுக்காக. போன வருட லெந்து நாட்களிலிருந்து அவளால் ஜெபிக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லப் பயப்படுகிறாள்."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார்.

"அவள் நான்தான்," என்றேன்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "அதுதான் எழுதியிருக்கிறது, சேர். ஒரு சொல்லும் பிசகில்லை."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். "இதைச் சொல்வதற்கா பொய் சொன்னீர்கள்? தம்பி இங்கே இருக்கும்போது?"

"வெட்கமாக இருந்தது, சேர்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு நடுவில் மூன்று வரிகளைத் தன் எண்ணப்படி தேர்ந்து, முதலில் அந்தப் பெண்ணிடம் காதோடு கேட்டார், பிறகு என்னிடம் கேட்டார். மூன்றும் பொருந்தின. ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து ஏதோ நீளமாக எழுதினார். என்னையும் சீலனையும் கையெழுத்து வைக்கச் சொன்னார். பட்டியலைத் திருப்பித் தரவில்லை. மாக்கிரட்டின் பிரதிகளை மட்டும் தந்தார். "இனி நேரங்களை எழுதாதீர்கள்," என்றார். நல்ல புத்திதான்.

சீலன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே ஜீப் வந்து நின்றது. வாங்கில் இருந்த மற்ற இருவரையும் எழும்பச் சொன்னார்கள். அவர்களில் ஒருவன் என்னைக் கடந்து போகும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னால் வந்த கான்ஸ்டபிள் அவன் தோளில் கை வைத்துத் தள்ளினார். என்ன சொல்ல வந்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தன் பெயராக இருக்கலாம். கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை. என் தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன்.

பஸ் ஹோல்ட்டில்

மூவரும் ஹோல்ட்டில் நின்றோம். கடல்காற்று உப்பாக முகத்தில் ஒட்டியது.

"அக்கா, கடைசியா என்ன சொன்னனி?" என்று சீலன் கேட்டான். "அந்தாள் ஏன் உன்னை அப்பிடிப் பாத்தார்?"

தமிழில், சொந்தத் தம்பிக்கு அதைச் சொல்வது எஸ்.ஐ.க்குச் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. சொன்னேன். முழுவதையும் சொன்னேன். "ஒவ்வொரு நாளும் உனக்காக ஜெபிக்கிறன் எண்டு சொன்னதும் பொய்யடா. ஒரு நாளும் ஜெபிக்கேல்லை," என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவன் என் பக்கம் திரும்பினான்.

"நீ அதைச் சொல்லிப்போட்டு பல்கனியில வந்து நிப்பாய். நான் பஸ் ஏறுமட்டும் நிப்பாய். நான் ஒவ்வொரு நாளும் திரும்பிப் பாக்கிறனான்," என்றான். "எனக்கு அது காணும் அக்கா, வேற ஒண்டும் வேண்டாம்."

மாக்கிரட் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் திரும்பினேன்.

"அந்தக் கோட்டை ஏன் ஒவ்வொரு முறையும் எழுதினீர்? ஒண்டுமில்லை எண்டு நான் சொன்னனான்தானே."

"ஒண்ணுமில்லாதத எதுக்கு நீங்க ஒவ்வொரு வாரமும் எழுதப் போறீங்க?" என்றாள். "பேரு சொல்ல முடியாத ஆளு யாரோன்னு நெனச்சேன். எங்க பக்கத்து ஏழு பேருக்கும் சொல்லிட்டேன், அவங்கவங்க மணி முடியறப்போ அந்தக் கோட்டுக்காகவும் ஜெபம் பண்ணணும்னு. பண்ணிக்கிட்டுதான் இருக்கோம், அக்கா. நீங்கன்னு தெரியாது."

அவள் ஜெபத்தை நீட்டுகிறாள் என்று நான் எத்தனை தரம் கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். அந்த நீளத்துக்குள் நானும் எங்கேயோ இருந்திருக்கிறேன். பஸ் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் கத்திய பிறகுதான் ஏறினேன்.

அதோடு எனக்கு ஜெபம் திரும்பி வந்துவிட்டது என்று எழுதினால் போதகர்மாருக்குச் சந்தோஷமாக இருக்கும். வரவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு முழங்காலில் நின்றேன். பழையபடி காற்றுத்தான். ஆனால் சாறி அயர்ன் பண்ண எழும்பவில்லை. எனக்கு வராத சொல்லை ஏழு பேர் எனக்காக எங்கோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தேன். அப்படிச் சும்மா இருந்த காலம் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. முதல் வருடத்தைப்போல அது என்னைப் பயப்படுத்தவில்லை.

அதே சோதனைச்சாவடி

அடுத்த வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டியலை நானே கொண்டுபோனேன். நேரங்கள் இல்லை, சுருக்கெழுத்தும் இல்லை. எல்லாம் தெளிவான தமிழ்.

சீலனை இறக்கிய அதே இடத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். கைப்பையைத் திறந்து பார்த்த சிப்பாய் கடதாசியை விரித்தார்.

"இது என்ன?"

"நாங்கள் ஜெபிக்கிற ஆட்களின் பெயர்கள்."

"வாசியுங்கள்."

ரோட்டோரத்தில், பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்க, ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தேன். பெயரையும் கஷ்டத்தையும், அவர்கள் சொல்லலாம் என்று அனுமதித்த அளவுக்கு, சிங்களத்தில் சொன்னேன். பழைய கடைசி வரி வந்தது. அந்த இடத்தில் இப்போது 'ரூபி' என்று எழுதியிருந்தேன்.

"ரூபி. ஜெபிக்க முடியவில்லை," என்று வாசித்தேன்.

சிப்பாய் அடியில் விரலை வைத்தார். அங்கே பெயர் எழுதாமல் வெறுமனே இரண்டு கோடுகள் இழுத்திருந்தேன்.

"இவர்கள்?"

"இரண்டு பேர். பெயர் கேட்க மறந்துவிட்டேன்," என்றேன்.

அவர் கடதாசியை மடித்துத் தந்து, போகச் சொன்னார். ஹோல்ட்டில் மாக்கிரட் காத்திருந்தாள். பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே வாசித்தாள். அடியில் இருந்த இரண்டு கோடுகளுக்கு வந்ததும் என்னை ஒரு தரம் பார்த்தாள். யாரென்று கேட்கவில்லை. அங்கேயே வேதப்புத்தகத்தின்மேல் தாளை வைத்து, பேனாவை எடுத்து, அந்த இரண்டு கோடுகளையும் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினாள்.